இறக்கையின் வாயைத் தைத்தவள்

அந்த மாதிரி விமானத்தை அந்தக் கம்பெனி மொத்தம் மூன்றுதான் செய்தது. மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, நடுவே மரக்கால்கள், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். தலைக்கு மேல் கூரை கிடையாது. உடம்பில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு குழிகள். முன் குழியில் கூட வருபவர், பின் குழியில் ஓட்டுபவர். மழை பெய்தால் இருவரும் நனைய வேண்டியதுதான். முதல் உலகப் போர் முடிந்து ஜனங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலம் அது. இனிமேல் சண்டை வராது, ஆகாயத்தில் பறப்பதெல்லாம் இனி சந்தோஷத்துக்காகத்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

தொழிற்சாலையில் அவளை எல்லாரும் ‘ஊசி’ என்றே கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு தையல் கடையில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். இங்கே வந்த பிறகு விமானத்துக்குச் சட்டை தைத்தாள். இறக்கை என்றால் அப்போது இரும்புத் தகடு அல்ல. மரச் சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்திய லினன் துணி. சட்டத்தில் மீன் முள் மாதிரி வரிசையாக விலாக்கள் இருக்கும். ஒவ்வொரு விலாவோடும் துணியை மெழுகு தேய்த்த நூலால் கட்டித் தைக்க வேண்டும். ஒருத்தி மேலே உட்கார்ந்து நீள ஊசியைக் கீழே விடுவாள். இறக்கைக்கு அடியில் இருப்பவர் அதை வாங்கி மேலே திருப்பி அனுப்புவார். இருவருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. எல்லாம் முடிந்ததும் வார்னிஷ் பூசுவார்கள். அது காய்ந்தால் துணி முரசு போல விறைத்துக்கொள்ளும். தட்டினால் ‘டம்’ என்று சத்தம் வரும்.

அவளுக்குக் கல்யாணமானதே அந்த ஊசியால்தான். அடியில் உட்காரும் பெண் ஒருநாள் வரவில்லை. கம்பி பூட்டும் வேலை செய்தவன் ஒருவன், நான் வாங்கித் தருகிறேன் என்று அடியில் போய் உட்கார்ந்தான். இரண்டாவது தையலிலேயே ஊசி அவன் விரலில் ஏறியது.

“கீழே ஆள் இருக்குன்னு தெரியாதா?” என்றான்.

“ஆள் இருந்தா சத்தம் போட்டிருக்குமே. நான் மரம்னு நெனச்சேன்.”

“இப்ப போட்டுட்டேன்ல? இனிமே பாத்துக் குத்துங்க.”

அடுத்த மாதமும் அடியில் இருக்க வேண்டிய பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அதற்கு அடுத்த மாதமும். மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்து விசாரித்தால், அந்தப் பெண் கொழுக்கட்டை போல நன்றாகத்தான் இருந்தாள். கம்பிக்காரன்தான் அவளிடம் கெஞ்சி இடம் வாங்கிக்கொண்டிருந்தான். “ஊசி கோத்தாச்சு, இனிமே முடிச்சுப் போட வேண்டியதுதான்” என்று மேஸ்திரியே முன்னால் நின்று கல்யாணத்தை முடித்து வைத்தார்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. துணி போர்த்தி முடித்த பிறகும் கீழ் இறக்கையின் அடியில், பக்கத்துக்கு ஒன்றாக, கை நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் திறப்பை விட்டு வைப்பார்கள். உள்ளே ஓடும் கம்பிகளைப் பூட்டிச் சரிபார்ப்பதற்காக. அதற்கு ‘வாய்’ என்று பெயர். எல்லா வேலையும் முடிந்து கடைசியாகத் தைப்பது அந்த வாயைத்தான். அதை மூடியவர் யாரோ, அவர்தான் முதல் வெள்ளோட்டத்தில் முன் குழியில் உட்கார்ந்து போக வேண்டும். என் வேலையை நம்பி என் உயிரையே ஏற்றுகிறேன் என்று அதற்கு அர்த்தம். ஆனால் பொம்பளைகள் ஏறக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் அவள் வாயை மூடிய விமானங்களில் அவள் இடத்தில் அவள் புருஷன் ஏறினான்.

“எனக்கென்ன, பொண்டாட்டி புண்ணியத்துல ஓசியில ஆகாசம் பாக்கறேன்” என்று சிரிப்பான்.

மூன்றில் முதலாவது விமானத்தை ஒரு வெளிநாட்டுக்காரர் வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இரண்டாவது, ஒரு வருஷம் பறந்துவிட்டுப் புதுத் துணி போடுவதற்காகக் கொட்டகைக்குத் திரும்பி வந்தது. அவள் தைத்தாள். அவன் கம்பி பூட்டினான். வாயை அவள் மூடினாள்.

அந்த விமானத்தை ஓட்டியவருக்குப் பெரிய மீசை. அவர்தான் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, இறக்கையின் ஓரத்தில் கீல் வைத்து ஆடுகிற மடலைக் காட்டினார். “இதையும் நீதானேம்மா தைக்கறே, எதுக்குன்னு தெரியுமா? நான் கையில புடிக்கற ஸ்டிக்கை எந்தப் பக்கம் சாய்க்கறனோ, அந்தப் பக்கத்து மடல் மேலே எழும்பணும். அப்பத்தான் அந்தப் பக்கம் திரும்பும். இது ரெண்டும்தான் என் கை மாதிரி.” அவள் தலையாட்டினாள். மறக்கவில்லை.

வெள்ளோட்டத்தன்று வெயில் நன்றாகவே அடித்தது, ஓர் இலைகூட அசையவில்லை. அவளுடைய நாத்தனார், அதாவது கம்பிக்காரனின் அக்கா, தம்பியின் கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தாள். புருஷன் இல்லாதவள், தம்பி வீடுதான் அவளுக்கு வீடு. தம்பி மேல் அவளுக்கு உயிர். குழந்தை அவன் அப்பனைப் பார்த்ததும் கையை நீட்டிக் கத்தினான். கம்பிக்காரன் விமானத்தின் மூக்குக்கு முன்னால், குழந்தைக்குத் தெரியும்படி வந்து நின்று, மடல்களைச் சரிபார்க்கக் குரல் கொடுத்தான். “இடது!” என்றான். மீசைக்காரர் ஸ்டிக்கைச் சாய்த்தார். “எழும்பிடுச்சு, சரி! வலது! சரி!” அவருடைய கண் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளின் மேல் இருந்தது. வெளியே நிற்பவனின் குரல்தான் அந்தக் கொட்டகையில் ஓட்டுபவருக்குக் கண். பிறகு கம்பிக்காரன் ஓடிவந்து, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, முன் குழியில் ஏறினான்.

விமானம் தரையை விட்டு எழும்பியது. எழும்பியவுடன் இடது பக்கம் லேசாகச் சரிந்தது. நிமிர்ந்துவிடும் என்று எல்லாரும் பார்த்தார்கள். நிமிரவில்லை. இன்னும் சரிந்தது. இன்னும், இன்னும். பிறகு குப்புற விழுந்தது.

இரண்டு பேரும் போய்விட்டார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். தீயில் பாதி எரிந்து, கம்பிகள் எல்லாம் சிக்கலாகச் சுருண்டு கிடந்தன. இடது இறக்கையின் துணி நீளமாகக் கிழிந்திருந்தது. விழுந்ததால் கிழிந்ததா, கிழிந்ததால் விழுந்ததா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

நாத்தனார் சொன்னாள். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, ஊரே கேட்கச் சொன்னாள். “உன் தையல் கிழிஞ்சு என் தம்பி செத்தான்டி! நீ உக்கார வேண்டிய எடத்துல அவன் உக்காந்தான்டி!”

அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனென்றால் அவளுக்கே தெரியவில்லை. நூலை மெழுகில் சரியாகத் தேய்த்தேனா? முடிச்சை இழுத்துப் பார்த்தேனா? அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருந்ததே, அந்த நினைப்பில் ஒரு விலாவை விட்டுவிட்டேனா? இந்தக் கேள்வியோடுதான் அவள் எழுந்தாள், இந்தக் கேள்வியோடுதான் படுத்தாள்.

அன்றோடு நாத்தனார் அவளிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டாள். ஆனால் வீட்டை விட்டுப் போகவுமில்லை. எங்கே போவாள்? தம்பியின் மகன் இருக்கிறானே. ஒரே சமையலறை, ஒரே அடுப்பு, இரண்டு பெண்கள், நடுவில் ஒரு பிள்ளை. பேச்செல்லாம் அவன் வழியாகவே போய் வந்தது.

“டேய், உங்கம்மாகிட்டச் சொல்லு, உப்பு தீந்துபோச்சு.”

“அத்தைகிட்டச் சொல்லுடா, அலமாரிக்குப் பின்னாடி ஒரு டப்பா இருக்கு.”

அவன் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, “ரெண்டு பேருக்கும் காது கேட்டுச்சுல்ல? நான் வேற எதுக்குச் சொல்லணும்?” என்பான். அவன் வளர்ந்து வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, பகலில் நாத்தனார் சுவரைப் பார்த்துப் பேசினாள். “சுவரே, மழை வர்ற மாதிரி இருக்கு, துணியெல்லாம் வெளியில கெடக்கு.” அவள் போய்த் துணியை எடுத்து வருவாள். அந்தச் சுவருக்கு நன்றி சொல்லவும் அவளுக்கு வழியில்லை.

மகன் அப்பனின் வேலைக்கே போனான். வேண்டாம் என்று அவள் எவ்வளவோ அழுது பார்த்தாள். “ரத்தத்துல இருக்கும்மா” என்றான். பழைய கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. பக்கத்திலேயே விமானங்களைப் பழுது பார்க்கும் வேறொரு கொட்டகை வந்தது. பழைய மேஸ்திரி தலை நரைத்துப்போய் அங்கே இருந்தார். அவனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டில் திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக் காலம் தள்ளினாள்.

அப்படி இருக்கும்போதுதான் மூன்றாவது விமானம் வந்தது.

விபத்துக்குப் பிறகு யாரும் வாங்காமல், இறக்கை பூட்டாமல், ஒரு கிடங்கில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது அது. அந்த ஜாதியில், தெரிந்தவரை, உலகத்திலேயே மிச்சம் அது ஒன்றுதான். ஒரு டாக்டரம்மா அதை வாங்கினாள். ரோடு இல்லாத ஊர்களுக்குத் தானே விமானம் ஓட்டி மருந்து கொண்டுபோக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வயது குறைவு, தைரியம் ஜாஸ்தி. மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“இதுக்குத் துணி போடத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்களாம்.”

“என் கையால தைச்சது என்ன ஆச்சுன்னு அவர் சொல்லலியா?” என்று அவள் மேஸ்திரியைக் காட்டினாள்.

“சொன்னார். கிழிஞ்சது முன்னாடியா பின்னாடியான்னு யாருக்கும் தெரியாதுன்னும் சொன்னார்.”

நாத்தனார் சுவரைப் பார்த்தாள். “சுவரே, ஒரு உசிரு போனது பத்தாதா?”

அவள் கையிலிருந்த தலையணை உறையை மடித்து வைத்தாள். பிறகு, “தைக்கறேன். ஆனா வாயை நான்தான் மூடுவேன். முன்னால நான்தான் ஏறுவேன். என் எடத்துல இனிமே யாரும் உக்காரக் கூடாது” என்றாள்.

“அம்மா! நான் ஏறிக்கறேன்” என்றான் மகன்.

“வாயை மூடு!” என்று அவள் போட்ட அதட்டலில் பாத்திரங்கள்கூட அதிர்ந்தன. அவன் வாழ்நாளில் அம்மா இப்படிக் கத்திக் கேட்டதில்லை.

இது யாருக்கும் புரியாத ஆசை. விழுந்தால் அவளும் புருஷன் போன வழியே போகட்டும். விழாவிட்டால், ஒரு தடவையாவது, என் கை பொய் சொல்லாத கை என்று அவளுக்கே தெரியட்டும். இரண்டில் ஒன்று தெரியாமல் இனி வாழ முடியாது.

தைத்தாள். மகன் கம்பி பூட்டினான். வரைபடங்கள் பழைய கம்பெனியோடு போய்விட்டன. மற்ற விமானங்களில் எப்படிப் பூட்டுவானோ அப்படியே பூட்டினான். இரண்டு பக்கத்து வாயையும் அவள் மூடினாள். ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள்.

வெள்ளோட்ட நாள் வந்தது. நாத்தனாரும் வந்திருந்தாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தார்கள். “சுவரே, நான் எதுக்கு வரணும்?” என்று காலையில் கேட்டவள், எல்லாருக்கும் முன்னால் வந்து வேலியோரம் நின்றாள்.

மேஸ்திரியும் மகனும் கைகொடுத்து அவளை முன் குழியில் ஏற்றி, இடுப்பில் பட்டையைப் பூட்டினார்கள். முழங்காலுக்கு நடுவே இன்னொரு ஸ்டிக் இருந்தது. பின்னால் டாக்டரம்மா ஆட்டினால் இதுவும் சேர்ந்து ஆடும். “புடவைக் கடை பொம்மை மாதிரி அசையாம உக்காந்திரு தாயி, எதையும் புடிச்சிடாதே” என்றார் மேஸ்திரி. பிறகு பெட்ரோல் மூடியைப் பார்க்கப் போனார்.

மடல்களைச் சரிபார்க்கக் குரல் கொடுப்பவன், வாலுக்குப் பின்னால், ஓட்டுபவர் பார்க்கும் திசையையே பார்த்து நிற்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் மகன் மூக்குக்கு முன்னால் வந்து நின்றான். முன் குழியில் இருக்கும் அம்மாவின் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. சிரித்தான். அப்பனின் சிரிப்பு அப்படியே.

“இடது!” என்றான்.

அவள் முழங்காலுக்கு நடுவே ஸ்டிக் இடது பக்கம் சாய்ந்தது.

அவள் தன் இடது கைப் பக்கம் திரும்பி, தான் தைத்த மடலைப் பார்த்தாள். அது எழும்பவில்லை. கீழே தொங்கியது.

“எழும்பிடுச்சு, சரி!” என்றான் மகன், தன் இடது கைப் பக்கத்தைப் பார்த்து. அவனுடைய இடது, அவளுடைய வலது.

மீசைக்காரர் சொன்னது அவள் காதுக்குள் கேட்டது. எந்தப் பக்கம் சாய்க்கறனோ, அந்தப் பக்கத்து மடல்.

“நிறுத்துங்க!” என்று அலறினாள். “இறக்குங்க என்னை! கம்பி மாறியிருக்கு!”

மேஸ்திரி ஓடிவந்தார். டாக்டரம்மா ஸ்டிக்கை ஆட்ட, அவர் வாலுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. “இந்த ஜாதியில கம்பி உள்ளுக்குள்ள ஒரு தடவை குறுக்கே மாறும்டா” என்றார் மெதுவாக. “மூணே மூணு செஞ்சா யார் கைக்குத்தான் பழகும்? எனக்கே மறந்துபோச்சு.” மகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். “அம்மாவைக் கொன்னிருப்பேனே” என்றான், யாரிடமோ சொல்வது போல.

அவளுக்கு அவன் குரல் தூரத்தில் கேட்டது. அவள் அவன் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கு முன்னால். அதே இடம். அன்றைக்கும் வாலுக்குப் பின்னால் நிற்காமல் இங்கேதான் ஒருத்தன் வந்து நின்றான். இதே சிரிப்போடு. சரிந்தது, நிமிர்த்தப் பார்த்தார்கள், இன்னும் சரிந்தது.

என் தையல் இல்லை.

எத்தனை காலமாக ஏங்கிய வார்த்தை! ஆனால் அது வந்தபோது அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. தையல் இல்லையென்றால், பிறகு யார்? புருஷனையும் மீசைக்காரரையும் கொன்றது அந்தப் புருஷனின் கைதான். அதைச் சொன்னால் அவள் பாரம் இறங்கும். இறங்கி, தரையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையின் தலையில் ஏறும்.

அவள் வாயைத் திறக்கவில்லை. கத்தரியை எடுத்தாள். தான் மூடிய இரண்டு வாயையும் தானே வெட்டித் திறந்தாள். கம்பியின் பூட்டுக்குக் கை எட்டுவதற்காகப் பக்கத்து விலாவின் தையலையும் பிரிக்க வேண்டியிருந்தது. மேஸ்திரியும் மகனும் கம்பியை மாற்றினார்கள். வாலுக்குப் பின்னால் நின்று, திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பிறகு அவள் இறக்கைக்கு மேலே குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். கீழே வாங்கிக் கொடுக்க ஆள் வேண்டும். மகனைக் கூப்பிடலாம் என்று நிமிர்ந்தாள்.

“ஊசியை விடு” என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

சுவரிடம் பேசுகிற குரல் அது. சுவர் அங்கே இல்லை.

ஊசியை விட்டாள். அது மேலே திரும்பி வந்தது. மறுபடி விட்டாள். மறுபடி வந்தது. இருவருக்கும் நடுவே விறைப்பான துணி, முகம் தெரியவில்லை.

“அவனும் அங்கதான் நின்னான்” என்றாள் நாத்தனார், துணிக்கு அந்தப் பக்கமிருந்து. “புள்ளை அழுதான்னு நான்தான் அவனைத் தூக்கிட்டு மூக்குக்கு நேரா வந்து நின்னேன். புள்ளைக்குக் காட்டறேன்னு அவன் அங்க வந்து நின்னான்.”

ஊசி வெகுநேரம் மேலே வரவில்லை.

“அண்ணி” என்றாள் அவள். “நூலை இழுத்துப் புடிங்க. தளர்ந்துடும்.”

“உன்னை நான் என்னென்ன சொன்னேன்...”

“அதெல்லாம் சுவர் கேட்டுச்சு. நான் கேக்கல.”

அடியிலிருந்து ஒரு விம்மல் வந்தது. அது அழுகையா சிரிப்பா என்று துணி சொல்லவில்லை. பிறகு நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். “புள்ளைக்குத் தெரிய வேணாம்.”

“வேணாம் அண்ணி.”

ஊசி மேலே வந்தது.

வார்னிஷ் காய்ந்த மறுநாள் காலையில் அவள் முன் குழியில் ஏறினாள். மகன் வாலுக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்தான். இடது எழும்பியது, வலது எழும்பியது. விமானம் தடதடவென்று ஓடி, சட்டென்று சத்தம் மெலிந்து, மேலே போனது. காற்று முகத்தில் அறைந்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது. லேசாக இடது பக்கம் சரிந்தது. அவள் மூச்சை நிறுத்தினாள். நிமிர்ந்தது. ஒரு வட்டம் அடித்தார்கள். கீழே கொட்டகை ஒரு தீப்பெட்டி. அதற்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள்; ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. இதைத்தான் அவர் பார்த்தார், ஓசியில் ஆகாசம் பார்க்கிறேன் என்று சிரித்தாரே, இதைத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இறங்கியதும் மகன் ஓடிவந்து பட்டையை அவிழ்த்தான். இரவெல்லாம் எதையோ யோசித்திருக்கிறான் என்பது கண்ணிலேயே தெரிந்தது.

“அம்மா, அப்பா போன அன்னிக்கும்... கம்பிதான் இப்படி...?”

அவள் வாய் திறப்பதற்குள் நாத்தனார் குறுக்கே வந்து நின்றாள்.

“உங்கப்பன் கை அப்படித் தப்பாதுடா. அன்னிக்கு அடிச்சது பேய்க்காத்து. உங்கம்மா தையலும் இல்ல. ரெண்டும் இல்ல. நான் நேர்ல பாத்தவ சொல்றேன்.”

அவன் அத்தையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அன்றைக்கு வெயில் நன்றாக அடித்தது, ஓர் இலைகூட அசையவில்லை என்று இருவரில் ஒருத்தியும் சொல்லவில்லை.

நாத்தனார் கையை நீட்டினாள். “இறங்கு, பாத்து. கால் வழுக்கும்” என்று நேராக அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.